நூறு நாள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரக வேலை உறுதித் திட்டம் பற்றிக் கிராம சபைகளிலும் டீக்கடைகளிலும் நகரத்து நண்பர்களிடமும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளம். சிலவற்றை நாலு வரியில் முடித்திருக்கிறேன். விதிகள் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 2005 சட்டத்தைத்தான் சொல்கிறேன். 2025 இறுதியில் வந்த மாற்றத்துக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

நூறு நாள் வேலை என்பது சரியாக என்ன?

கிராமத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தில் வயது வந்தவர்களில் உடலுழைப்பு வேலைக்கு வர யார் தயாரோ, அவர்கள் கேட்டால் அரசு வேலை கொடுத்தாக வேண்டும். குடும்பத்துக்கு ஒரு நிதியாண்டில் 100 நாள். கேட்ட 15 நாளுக்குள் வேலை, இல்லாவிட்டால் வேலையில்லாப் படி. 2005 தேசிய ஊரக வேலைவாய்ப்பு உறுதிச் சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். 2009 அக்டோபர் 2 முதல் மகாத்மா காந்தியின் பெயரும் அதில் சேர்ந்தது.

முக்கியமானது "கேட்டால் கொடுத்தாக வேண்டும்" என்பது. இதற்கு முன்பு வந்த திட்டங்கள் எல்லாம் அரசிடம் பணம் இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்ற கணக்கில் ஓடின. 1977இல் வேலைக்கு உணவு, 1980இல் தேசிய ஊரக வேலைவாய்ப்புத் திட்டம், 1989இல் ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டம், 2001இல் சம்பூர்ண கிராமீண் ரோஜ்கார் யோஜனா என்று பட்டியல் நீளும். அவற்றில் ஒன்றில்கூட, வேலை கிடைக்காத ஒரு பெண் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் "இது என் உரிமை" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்டிருக்க முடியாது. இந்தப் பக்கம் முழுக்க நான் எந்தத் தரப்பில் நிற்கிறேன் என்று கேட்டால், அந்தப் பெண்ணின் தரப்பில்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே பஞ்ச நிவாரண வேலை இருந்ததே. அதுவும் இதுவும் ஒன்றுதானே?

வேலை ஒன்றுதான்: மண் வெட்டுவது, கரை போடுவது, கால்வாய் தோண்டுவது. அடிப்படை வேறு.

சென்னையில் இருப்பவர்கள் பக்கிங்காம் கால்வாயைத் தினமும் தாண்டிப் போகிறார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் நகரப் பகுதி 1877-78 பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் அது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் நிற்கவில்லை.

அந்த நிவாரணப் பணிகளைச் சிக்கனமாக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை வைஸ்ராய் லிட்டன் அனுப்பினார். அவர் 1877 தொடக்கத்தில் ஒரு ஆணுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தார். அதாவது 450 கிராம் தானியத்தைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்தக் கூலியில் உழைப்பவர்கள் செத்துப்போவார்கள் என்பதே அவருடைய வாதம். சில மாதங்களில் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் போன உயிர்கள் போனதுதான்.

சாகாமல் இருப்பதற்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது அந்த வேலை. உழைப்பவருக்கு அங்கே எந்தப் பாத்தியதையும் கிடையாது. 2005 சட்டம் இந்த உறவைத் தலைகீழாக்கியது. கேட்பவர் தொழிலாளி, பதில் சொல்ல வேண்டியது அரசு.

சட்டமாக முதலில் கொண்டுவந்தது யார்?

மகாராஷ்டிரா. வி. ச. பாகே என்ற தலைவர் 1965 வாக்கில் சாங்லி மாவட்டத்தின் தாஸ்காவ் பகுதியில் சிறிய அளவில் முயன்று பார்த்தார். 1972-73 வறட்சியில் லட்சக்கணக்கான பேர் நிவாரணப் பணிகளுக்குத் திரண்டபோது அந்த யோசனை மாநிலம் முழுக்கப் பரவியது. 1977இல் வேலை உறுதிச் சட்டம் நிறைவேறி 1979 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. செலவுக்கு நகரங்களில் மாதச் சம்பளம் வாங்குபவர்களிடமிருந்து தொழில் வரி வசூலித்தார்கள். நகரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு கிராமத்தின் வேலைக்குப் போக வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவைத்த ஏற்பாடு அது. எனக்கு இன்றும் அது துணிச்சலாகப் படுகிறது.

தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தது?

2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டம் பண்ட்லப்பள்ளியில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் நாடு முழுவதும் 200 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு. அடுத்து தஞ்சாவூர், திருவாரூர், கரூர், திருநெல்வேலி. 2008 ஏப்ரல் 1 முதல் ஊரகப் பகுதி முழுவதற்கும்.

வேலைத்தளத்தில் பார்த்தால் பெண்களாகவே இருக்கிறார்களே, ஏன்?

மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. தமிழ்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். நாடு முழுவதற்குமான கணக்கிலும் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

முதல் காரணம் கூலி. நம் ஊரில் ஆணுக்குக் கொத்தனார் வேலை, பெயின்ட் வேலை, லோடு வேலை என்று இதைவிட அதிகம் கிடைக்கும் இடங்கள் உண்டு. பெண்ணுக்குக் களையெடுப்பும் நடவும்தான். அதிலும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது காலங்காலமாக நடப்பது. இங்கே இருவருக்கும் ஒரே கூலி. அடுத்தது தூரம். வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் பத்து சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாட்டைக் கட்டிவிட்டு நடந்தே போய்வரலாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள், கணவனை இழந்தவர்கள், வெளியூர் வேலைக்குப் போக முடியாதவர்கள் இவர்களுக்கெல்லாம் வேறு எந்த முதலாளியும் வேலை தரமாட்டான். இங்கே வயதைச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பணம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வருகிறது. கூலியைக் கணவரோ மேஸ்திரியோ வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கும் நிலை இல்லை. மருந்து வாங்க, பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க, சீட்டுக் கட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. "நூறு நாள் காசு" என்று தனியாக எடுத்து வைக்கும் பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

தலித் குடியிருப்புகளில் இதன் அர்த்தம் இன்னும் ஆழமானது. கூப்பிட்ட வீட்டுக்கு, சொன்ன நேரத்துக்கு, கொடுத்த கூலிக்குப் போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்த இடங்களில், "இன்றைக்கு ஏரி வேலை இருக்கிறது, வர முடியாது" என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது.

கூலி எவ்வளவு? முழுசாகக் கிடைக்கிறதா?

தொடங்கியபோது தமிழ்நாட்டில் 80 ரூபாய். 2019-20இல் 229, அடுத்த ஆண்டு 256, 2023-24இல் 294, 2024-25இல் 319, 2025-26இல் 336. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் இந்தத் தொகையை ஒன்றிய அரசுதான் ஆண்டுதோறும் அறிவித்து வந்தது. விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து அது உயர்த்தப்பட்டது. அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு வெகுகாலம் 1986-87ஆகவே இருந்தது. மருத்துவம், பயணம், செல்போன் ரீசார்ஜ் என்று இன்றைய கிராமத்துச் செலவை அது எப்படிக் காட்டும்? ஒன்றிய அரசே நியமித்த சத்பதி குழு 2019இல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 375 ரூபாயாக இருக்க வேண்டும் என்றது. நாடாளுமன்ற நிலைக்குழுவோ நாள் கூலியை 400 ரூபாயாகவும் நாட்களை 150 ஆகவும் உயர்த்தச் சொன்னது.

336 என்பது உச்சம். கையில் வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. காரணம், கூலி செய்த வேலையின் அளவைப் பொறுத்தது. ஓவர்சியர் அளந்து குழுவுக்கு இத்தனை கனமீட்டர் மண் என்று கணக்கெழுதுவார். கோடையில் இறுகிய களிமண்ணையும் மழைக்குப் பின் இளகிய மண்ணையும் ஒரே மாதிரி அளந்தால் யாருக்கு நஷ்டம் என்று தெரியும். எழுபது வயது பாட்டி இருக்கும் குழுவில் எல்லோருக்கும் சேர்த்துக் குறையும், அதனால் அந்தப் பாட்டியைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் தயங்குவார்கள். இந்தக் கொடுமையை அளவு விதிகளைத் திருத்தினால்தான் தீர்க்க முடியும். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலகுவான வேலை தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, மரக்கன்றுக்கு நீர் ஊற்றுவது எல்லாம் வேலைதான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை செய்து மாதக்கணக்காகியும் பணம் வரவில்லை. ஏன்?

வருகைப் பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். இதில் இரண்டு படிகள். ஊராட்சியும் ஒன்றியமும் வேலையை அளந்து, கணினியில் ஏற்றி, பணப் பரிமாற்ற ஆணையை அனுப்ப வேண்டும். அப்புறம் ஒன்றிய அரசு பணத்தை விடுவிக்க வேண்டும். பதினாறாம் நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. 2,000 ரூபாய் பாக்கிக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். இவ்வளவு சின்னத் தொகையையும் முதல் படியில் ஏற்படும் தாமதத்துக்கு மட்டுமே கணக்கிட்டு வந்தார்கள். டெல்லியில் பணம் நின்றால் அது தாமதமாகவே கணக்கில் வராது. ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசு இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லியும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

நிதியாண்டின் கடைசி மாதங்களில் இது முற்றும். ஒதுக்கிய பணம் ஜனவரியிலேயே தீர்ந்துவிடும், பொங்கலுக்குப் பிறகு செய்த வேலைக்கு ஏப்ரல், மே வரை காத்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4,000 கோடி ரூபாய்க்கு மேல் போய், அது சாலைப் போராட்டம் வரை வந்தது நினைவிருக்கலாம்.

கூலி தாமதம் என்பது இந்தத் திட்டத்தைக் கொல்லும் வழி என்றே நினைக்கிறேன். யாரும் திட்டத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதம் பணம் வராவிட்டால், வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் குடும்பம் தானாகவே வேறு வேலைக்குப் போய்விடும். பிறகு "வேலை கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்" என்று புள்ளிவிவரம் வரும்.

வேலை கேட்டும் கொடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

15 நாள் கடந்தால் வேலையில்லாப் படி கேட்கலாம். முதல் 30 நாளுக்கு நாள் கூலியில் கால் பங்கு, அதன் பிறகு பாதி. 336 ரூபாய் கணக்கில் 84, அப்புறம் 168. இதை மாநில அரசுதான் தர வேண்டும். நடைமுறையில் இந்தப் படி கிடைத்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் எளிமையானது. வேலை கேட்டதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் யாரிடமும் இல்லை. வாய்மொழியாகக் கேட்டால், "வேலை வரும்போது சொல்லி அனுப்புகிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

சும்மா உட்கார்ந்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள் என்கிறார்களே?

இதை நிறையக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் காரில் போகும்போது வேலைத்தளத்தைப் பார்த்தவர்களிடமிருந்து. நேர்மையாகப் பதில் சொல்கிறேன்.

மோசமாகத் திட்டமிட்ட வேலைகள் உண்டு. ஒரே வாய்க்காலை மூன்று ஆண்டு தொடர்ந்து சுரண்டியது, சாலையோரப் புல்லைச் செதுக்கியது, மழை வந்தால் கரையும் வரப்பு போட்டது எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் எந்த வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது மண்வெட்டி பிடித்த பெண் அல்ல. கிராம சபையில் பேசி, ஊராட்சி தேர்ந்தெடுத்து, பொறியாளர் மதிப்பீடு போட்டு வர வேண்டியது அது. பயனற்ற வேலைக்குக் கேள்வி கேட்க வேண்டிய இடம் அங்கேதான்.

நன்றாகத் திட்டமிட்ட இடங்களில் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதியில் இந்தத் திட்டத்துப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்புகளும் கட்டினார்கள். நதியில் மீண்டும் நீர் வந்ததைப் பிரதமரே 2021இல் வானொலியில் குறிப்பிட்டுப் பேசினார். பண்ணைக்குட்டை, வரத்து வாய்க்கால், ஊருணி, மரக்கன்று, தனிநபர் கிணறு, ஆட்டுக்கொட்டகை என்று கிராமங்களில் நீங்கள் பார்க்கும் பலவற்றின் அறிவிப்புப் பலகையைப் படித்துப் பாருங்கள். பொதுப்பணித் துறையின் கணக்கில் வராத ஆயிரக்கணக்கான சின்னக் குளங்களுக்கு வேறு யார் மண்வெட்டியோடு வந்தார்கள்?

அப்புறம், காலை ஏழு மணிக்கு வந்து தன் பங்கு குழியை வெட்டி முடித்தவர் பதினொரு மணிக்கு நிழலில் உட்கார்ந்திருந்தால் அதில் தப்பில்லை. நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் தளத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைக்க வேண்டும்.

ஜேசிபி வைத்து வெட்டினால் ஒரே நாளில் முடியுமே?

முடியும். கூலி மொத்தமும் ஒரு வண்டி உரிமையாளருக்குப் போகும். அதனால்தான் ஒப்பந்ததாரரையும், ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தையும் சட்டம் தடை செய்தது. செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலியாகப் போக வேண்டும், பொருளுக்கு 40க்கு மேல் போகக் கூடாது என்பதும் இதற்குத்தான்.

இந்த வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மையா?

ஒரு பகுதி உண்மை. நடவு, அறுவடை நேரத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஆளுக்கு அலைவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கும் நெல் விலை கட்டுப்படியாகவில்லை, கூலியைக் கூட்டிக் கொடுக்க வழியில்லை.

ஆனால் இந்தியா முழுக்க ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது ஆண்டுக்கு 50 நாளை ஒட்டித்தான். மீதி 300க்கு மேற்பட்ட நாட்களில் ஆள் எங்கே போனார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, கோயம்புத்தூர், சென்னை கட்டட வேலைக்கு, பெட்ரோல் பங்குக்கு, சிப்காட் வேன் வந்து கூட்டிப்போகும் தொழிற்சாலைக்கு. படித்த பிள்ளைகள் வயலுக்கு வருவதில்லை. ஆள் பற்றாக்குறைக்கு இவை எல்லாம் காரணம். வருஷத்தில் ஏழெட்டு வாரம் குளம் வெட்டப் போன அறுபது வயதுப் பெண்மீது மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை.

கூலி உயர்ந்தது என்பது வேறு விஷயம். ஆமாம், உயர்ந்தது. நிலமில்லாதவர் வீட்டில் அதைப் புகாராக யாரும் சொல்வதில்லை.

வறுமை குறைந்ததா?

திட்டத்தில் கிடைக்கும் பணத்தை மட்டும் பார்த்தால் பெரிய தொகை இல்லை. 50 நாள், நாளுக்கு 300 என்றால் 15,000 ரூபாய். ஆனால் அது எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் வயலில் வேலை இல்லாதபோது வருகிறது. கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டிய மாதத்தில் வருகிறது.

ஒன்றுபட்ட ஆந்திராவில் முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் என்ற பொருளியலாளர்கள் பெரிய அளவில் ஓர் ஆய்வு செய்தார்கள். கூலி ஒழுங்காகப் போய்ச்சேர ஸ்மார்ட் கார்டு முறை வந்த மண்டலங்களையும் இன்னும் வராத மண்டலங்களையும் ஒப்பிட்டார்கள். திட்டம் சரியாக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் சுமார் 14 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த உயர்வில் பெரும்பகுதி திட்டத்திலிருந்து நேராக வந்ததல்ல, வெளிச்சந்தைக் கூலி கூடியதால் வந்தது. வேலை உறுதி இருக்கிறது என்ற நிலையே, அந்த வேலைக்குப் போகாத நாளின் கூலியையும் தூக்கிவிடுகிறது. வெளிச்சந்தையில் வேலை குறைந்ததாகவும் அவர்கள் காணவில்லை.

கொரோனா காலத்தில் என்ன ஆனது?

2020 ஊரடங்கில் நகரங்களிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களுக்கு இருந்த ஒரே வேலை இது. 61,500 கோடி ஒதுக்கியிருந்த ஒன்றிய அரசு மேலும் 40,000 கோடி சேர்த்தது. அந்த ஆண்டு சுமார் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் வேலை செய்தன, மொத்தம் 389 கோடி மனித நாட்கள் (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு மனித நாள்). கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் ஏற்கனவே கையில் இருந்ததால்தான் இது முடிந்தது. நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து ஒரு திட்டம் தீட்டியிருந்தால் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

ஊழல் நடக்கிறதே?

நடக்கிறது. வேலைக்கு வராதவர் பெயர், வெளியூரில் இருப்பவரின் வேலை அட்டை (திட்டத்தில் பதிந்த குடும்பத்துக்குத் தரும் அட்டை), வெட்டாத குளம், முடித்ததாக எழுதிய சாலை. இதைத் தடுக்கச் சட்டத்திலேயே சமூகத் தணிக்கை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பதிவேடுகளையும் ஊரார் முன் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். ராஜஸ்தானில் 1990களில் தொழிலாளர்கள் நடத்திய மக்கள் விசாரணைகளிலிருந்து பிறந்த யோசனை இது. ஆந்திரா இதற்குத் தனி அமைப்பே உருவாக்கிச் சிறப்பாக நடத்தியது. தமிழ்நாட்டிலும் தனிச் சங்கம் இருக்கிறது. சிறப்புக் கிராம சபையில் நாற்பது கையெழுத்து வாங்கிக் கலைந்துவிடாமல், பதிவேட்டில் உள்ள பெயர்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாலே பாதி பொய் வெளியே வந்துவிடும்.

செல்போனில் போட்டோ எடுக்கிறார்களே, அதுவும் ஆதார் இணைப்பும் உதவுகின்றனவா?

2023 ஜனவரி முதல் தளத்தில் தினமும் இரண்டு முறை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. 2024 ஜனவரி முதல் ஆதார் வழிப் பணப் பரிமாற்றம் கட்டாயம். சிக்னல் இல்லாத மலை ஊரில் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறார். வேலையை முடித்தவர்களும் இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் காத்திருக்கிறார்கள். ஆதாரில் "லட்சுமி", அட்டையில் "இலட்சுமி" என்று இருந்தால் அலைச்சல்தான். திருடுபவர்களோ பழைய போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றினார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சகமே சுற்றறிக்கையில் இதை ஒத்துக்கொண்டது. தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பிழை செய்யும்போது கூலியை இழப்பது எப்போதும் உழைத்தவராகவே இருக்கிறார் என்பதுதான் என் கோபம்.

நகரத்து ஏழைகளுக்கு இப்படி எதுவும் இல்லையா?

நாடு தழுவிய சட்டம் இல்லை. கேரளத்தில் 2010 முதல் அய்யன்காளி பெயரிலான நகர்ப்புறத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 2021-22இல் 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ராஜஸ்தான் 2022இல் தொடங்கியது.

வெளிநாடுகளில்?

அமெரிக்காவில் பெருமந்தக் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு 1935 முதல் 1943 வரை நடத்திய பணிகள் நிர்வாகம் சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது. சாலை, பள்ளிக்கூடம், பாலம் மட்டுமல்ல, ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும்கூட வேலை. எத்தியோப்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பெரிய திட்டங்கள் ஓடுகின்றன. ஆனால் கேட்டவருக்கெல்லாம் வேலை என்று சட்டம் போட்டது இந்தியாதான்.

2025 டிசம்பரில் என்ன மாறியது? நாட்கள் கூடிவிட்டதே, நல்லதுதானே?

2005 சட்டத்துக்குப் பதிலாக 'விபி ஜி ராம் ஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். இதில் 100 நாள் 125 ஆகிறது. வேலையில்லாப் படி தொடர்கிறது. மகாத்மா காந்தியின் பெயர் போய்விட்டது.

தலைப்புச் செய்தி 125. நான் பார்ப்பது அதற்கு அடியில் இருக்கும் பணக் கணக்கை. பழைய சட்டத்தில் கூலி முழுவதும் ஒன்றிய அரசு, பொருள் செலவில் முக்கால் பங்கும் ஒன்றிய அரசு. நூறு ரூபாய் செலவில் 60 கூலி, 40 பொருள் என்றால் மாநிலத்தின் பங்கு சுமார் 10 ரூபாய். புதிய சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 ரூபாய் போட வேண்டும். அதோடு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே ஒதுக்கிவிடும். அதைத் தாண்டி வேலை கேட்டால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில்.

மக்கள் கேட்கும் அளவுக்குப் பணம் ஒதுக்குவது பழைய சட்டத்தின் தர்க்கம். ஒதுக்கிய பணத்தின் அளவுக்கு வேலை என்பது புதியதன் தர்க்கம். 100 நாள் உறுதி இருந்தபோதே சராசரி 50தான் கிடைத்தது. கையில் காசில்லாத மாநிலம், கேட்பவர்களை எப்படித் திருப்பி அனுப்பலாம் என்றுதான் யோசிக்கும். விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் புதிய சட்டம் வழி செய்கிறது. விவசாயிகளின் கோரிக்கைக்குப் பதில் இது. ஆனால் ஆண்டில் எந்த நாளில் கேட்டாலும் வேலை என்பது அதோடு போய்விட்டது. வயலில் கூலி பேசும்போது "அங்கே போய்விடுவேன்" என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. கூலி பேசும் பலம் அதிகம் தேவைப்படும் அந்தக் காலத்திலேயே அந்த இடம் மூடியிருக்கும்.

வேலை கேட்டு மனு கொடுக்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?

எழுத்தில் கொடுங்கள். வெள்ளைத்தாள் போதும். வேலை அட்டை எண், வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேண்டும் என்பது மூன்றும் இருக்க வேண்டும். ஊராட்சிச் செயலரிடமோ, அவர் வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு தராவிட்டால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதே ஆதாரம். பதினைந்து நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு. வேலை அட்டை உங்களிடமே இருக்க வேண்டும், "இங்கே இருக்கட்டும்" என்று யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வாரமும் அதில் நாட்களைப் பதியச் சொல்லி, வங்கிப் புத்தகத்தில் உள்ள வரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு வீட்டில் படிக்கும் பிள்ளையை வைத்து இதைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.